டாம்பா விரிகுடாவில் தூண்டில் போட்ட ஒரு மார்ச் சனிக்கிழமை

மீன்பிடிப் படகின் வழிகாட்டி தொலைபேசியில் என்னிடம் முதலில் கேட்டது, "உங்களுக்கு நிறைய மீன் வேண்டுமா, பெரிய மீன் வேண்டுமா?" என்பதுதான். பெரிய மீன் என்று சொன்னேன். அதிலும் ஸ்னூக் என்று பெயர் சொல்லியே கேட்டேன். அலுவலக நண்பர் ஒருவர் கையில் நீளமான ஸ்னூக் மீனை ஏந்தி நிற்கும் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்த ஆசை இருந்தது. அறுபத்தெட்டு வயது அம்மாவும், மனைவியும், பதினொரு வயது மகளும், ஏழு வயது மகனும் உடன் வருகிறார்கள் என்று சொன்னேனே தவிர, இவர்களில் ஒருவர்கூட இதுவரை தூண்டிலைக் கையால் தொட்டதில்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எங்கள் நாளின் முதல் இரண்டு மணி நேரம் வீணானதற்கு இந்தப் பதிலே காரணம்.

நாங்கள் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோவில் வசிக்கிறோம். அம்மா நாகப்பட்டினத்திலிருந்து மூன்று மாதம் தங்கிப் போக வந்திருந்தார். அக்கரைப்பேட்டையில் படகு வந்து இறங்கும் மீனைப் பேரம் பேசி நாற்பது ஆண்டுகள் வாங்கிச் சமைத்தவர். செவுளைத் தூக்கிப் பார்த்தே எத்தனை நாள் ஐஸில் கிடந்த மீன் என்று சொல்லிவிடுவார். ஆனால் படகேறிக் கடலுக்குள் ஒரு நாளும் போனதில்லை. கேளிக்கைப் பூங்காக்களை எல்லாம் சுற்றிக் காட்டி முடித்த பிறகு, "இந்த ஊர்ல மீன் எப்படிப் பிடிக்கிறாங்கன்னு பார்க்கணும்டா" என்று அவர் கேட்டார். பிள்ளைகளுக்கு வசந்தகால விடுமுறை வந்தபோது, இரண்டு மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில் உள்ள டாம்பா விரிகுடாவை முடிவு செய்தோம்.

குடும்பத்தோடு போகிறவர்கள் ஆழ்கடலுக்குப் போகாமல் விரிகுடாவுக்குள்ளேயே இருந்துகொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆழ்கடல் படகில் பயண நேரமே சில மணி நேரம். அலையில் குமட்டல் வந்தால் பாதியில் திரும்பவும் முடியாது. டாம்பா விரிகுடா ஃப்ளோரிடாவின் மிகப் பெரிய திறந்த கழிமுகம். ஏறக்குறைய 400 சதுர மைல் பரப்பு இருந்தாலும் சராசரி ஆழம் சுமார் 12 அடிதான். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஏதாவது ஓர் அலையாத்தித் தீவின் மறைவில் ஒதுங்கிக்கொள்ளலாம், யாருக்காவது முடியவில்லை என்றால் கால் மணி நேரத்தில் கரைக்கு வந்துவிடலாம்.

நான்கு மணி நேரத்துக்கு 500 டாலர் பேசினோம். கூலியின் ஐந்தில் ஒரு பங்கை அன்பளிப்பாகக் கொடுப்பது இங்கே வழக்கம் என்பதால் மொத்தம் 600 டாலர் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். தூண்டில், இரை, ஐஸ் எல்லாம் வழிகாட்டியுடையவை. கடலோரக் காவல்படையின் ஆறு பயணிகள் உரிமம் வைத்திருப்பவர் என்பதால் எங்கள் ஐந்து பேரையும் ஒரே படகில் ஏற்ற முடிந்தது. உரிமம் பெற்ற வாடகைப் படகில் போகும் பயணிகளுக்குத் தனியாக மீன்பிடி உரிமம் தேவையில்லை என்பதை விசாரிக்காமல், நான் முந்திக்கொண்டு அம்மாவுக்கு வெளியூர்க்காரர்களுக்கான மூன்று நாள் உரிமத்தை 17 டாலர் கொடுத்து வாங்கிவைத்தேன். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எப்படியும் தேவையில்லை. அந்தத் தாளை அம்மா பத்திரமாக ஊருக்கு எடுத்துப் போயிருக்கிறார் என்பது மட்டுமே அதனால் கிடைத்த பயன்.

நேரத்தைப் பற்றியும் எனக்குத் தவறான எண்ணம் இருந்தது. மீன்பிடிக்க விடியலுக்கு முன்பே போக வேண்டும் என்று நினைத்து ஆறு மணிக்கு வருகிறோம் என்றேன். வழிகாட்டி ஒன்பது மணிக்கு வரச் சொன்னார். இரண்டு நாள் முன்பு வடக்கிலிருந்து குளிர்காற்று வீசியிருந்தது. இந்த மாதத்தில் காலைத் தண்ணீர் சில்லென்று இருக்கும், மீன் மந்தமாகக் கிடக்கும், வெயில் ஏறி, நீர் ஏற்றமும் சேர்ந்து வரும் நேரமே நல்லது என்று விளக்கினார். இந்த விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டு அடி, அதிகம் போனால் மூன்று அடிதான் வேறுபாடு. ஆனால் இடுப்பளவு ஆழமுள்ள கடற்புல் திட்டுகளில் அந்த இரண்டு அடி நீர் அசையத் தொடங்கும்போதுதான் மீனும் இரைதேடி அசைகிறது. ஆகவே தேதியையும் நேரத்தையும் நாமே முடிவு செய்துவிட்டுப் பிறகு வழிகாட்டியைத் தேடாமல், இரண்டு மூன்று தேதிகளைச் சொல்லி எது நல்லது என்று அவரிடமே கேட்பது புத்திசாலித்தனம். கோடையில் கணக்கு வேறு. அப்போது நண்பகல் வெயிலையும் பிற்பகல் இடிமழையையும் தவிர்க்க விடியலிலேயே கிளம்ப வேண்டியிருக்கும்.

ஃபோர்ட் டி சோட்டோ பூங்காவின் படகுத்துறையில் நாங்கள் இறங்கியபோது, மனைவி கட்டிக்கொண்டு வந்த பையை வழிகாட்டி எட்டிப் பார்த்தார். இட்லி, மிளகாய்ப்பொடி, தயிர்சாதம், ஒரு சீப்பு வாழைப்பழம். பழத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. படகில் வாழைப்பழம் ஏறினால் மீன் கிடைக்காது என்பது இங்குள்ள மீன்பிடிப்பவர்களின் நம்பிக்கை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் பழம் காருக்குப் போகும்வரை கயிற்றை அவிழ்க்கவில்லை. நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னதும், "சாமிக்கு வைக்கிற பழம்டா, அது ஆகாதாமா?" என்று கேட்டார். பிறகு அவரே, "அவங்கவங்க கடலுக்கு அவங்கவங்க சாஸ்திரம்" என்று சமாதானமும் ஆனார்.

இந்த வகைப் படகுகளில் பெரும்பாலும் கழிப்பறை இருக்காது. நம் வீட்டுப் பெண்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். நான் பதிவு செய்யும்போது கேட்கவே இல்லை. இருபத்திரண்டு அடி நீளத்தில் மறைவே இல்லாத திறந்த படகு அது. நல்லவேளையாக, நடுவில் ஒருமுறை பூங்காத் துறைக்குத் திரும்பி வந்து போகலாம் என்று வழிகாட்டி அவராகவே சொன்னார். முதியவர்களும் சிறுவர்களும் வரும்போது, கட்டணத்துக்கு முன்பாகவே கேட்க வேண்டிய கேள்வி இது. உடை விஷயத்திலும் மனைவி சொன்னதுதான் சரியாயிற்று. அம்மா புடவையில்தான் வருவேன் என்று நின்றார், "அத்தை, கொக்கி முந்தானையில மாட்டினா என்ன செய்வீங்க?" என்று கேட்டுத் தன் சுடிதாரை உடுத்த வைத்தார். அன்று மூன்று முறை கொக்கி எங்கள் துணியில் மாட்டியது. மூன்று முறையும் என் சட்டையில்தான் என்பது வேறு விஷயம். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மட்டுமே ஓடும் படகில் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும் என்பது ஃப்ளோரிடா சட்டம் என்றாலும், ஏழு வயது மகனுக்கும் நீந்தத் தெரியாத அம்மாவுக்கும் கரையிலேயே மாட்டிவிட்டோம். தண்ணீரின் பளபளப்பைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி எல்லோருக்கும் அவசியம்; வெயிலுக்காக என்பதைவிட, பக்கத்தில் இருப்பவர் வீசும் தூண்டில் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பதற்காக.

முதல் இரண்டு மணி நேரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒன்றும் நடக்கவில்லை. அலையாத்தி வேர்களின் ஓரமாகப் படகை ஓசையில்லாமல் நகர்த்தி, உயிருள்ள சிறு சாளை மீன்களை வேருக்கு ஓர் அடி தள்ளி விழும்படி நான் வீச வேண்டும். ஸ்னூக் வெப்பக் கடலின் மீன், குளிர் தாங்காது. 2010 ஜனவரிக் கடுங்குளிரில் இந்த மாநிலத்தில் ஏராளமான ஸ்னூக் செத்து மிதந்தன. இரண்டு நாள் குளிர்காற்றுக்குப் பிறகு அவை வாய் திறக்க மறுத்ததில் வியப்பில்லை. திறமையானவர் வீசியிருந்தால் ஒன்றிரண்டு கிடைத்திருக்கலாம். நான் வீசியவற்றில் பாதி மரக்கிளையில் தொங்கின. மகள் புத்தகத்தை எடுத்துவிட்டாள், மகன் இரைத் தொட்டிக்குள் கையை விட்டு மீன்களை எண்ணிக்கொண்டிருந்தான். சற்றுத் தொலைவில் வெள்ளியாய் ஒரு மீன் மூன்று முறை துள்ளி விழுந்ததைப் பார்த்து, "மடவை!" என்றார் அம்மா. அது உண்மையில் மடவைதான். நாகையில் விற்கும் அதே இனம் இந்தக் கடலிலும் உண்டு. பிறகு என் பக்கம் திரும்பி, "உன் ஆசையை அப்புறம் பாத்துக்கலாம், பிள்ளைங்க கையில ஏதாவது மாட்டட்டும்னு அந்தத் தம்பிகிட்ட சொல்லுடா" என்றார்.

சொன்னேன். வழிகாட்டி அதற்காகவே காத்திருந்தவர்போல் தூண்டில்களை எல்லாம் மாற்றிக் கட்டத் தொடங்கினார்.

கடற்புல் திட்டுக்கு வந்தோம். நான்கு அடி ஆழம், அடியில் புல் பச்சைப் பாய்போல் தெரிந்தது. பிள்ளைகளின் தூண்டிலில் ஒரு தக்கை, அதற்குக் கீழே இரண்டரை அடி தூண்டில் நரம்பு, முனையில் உயிருள்ள இறால். தக்கையின் மேற்பகுதி குழிவாக இருக்கும். தூண்டில் கோலை ஒரு சுண்டு சுண்டினால் 'ப்ளக்' என்று தண்ணீரில் சத்தம் வரும். மேல்மட்டத்தில் ஏதோ மீன் இரை தின்கிறது என்று நினைத்துக் கீழே உள்ள மீன் தேடி வருமாம். சுண்டு, பத்து எண்ணு, மறுபடி சுண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வேலை இருக்க முடியாது. தூரம் வீசத் தெரிய வேண்டியதில்லை, குறிபார்க்க வேண்டியதில்லை, தக்கை முங்கினால் மீன்.

நான்காவது சுண்டலில் மகனின் தக்கை முங்கியது. அவன் கத்திய கத்தலில் கம்பத்தில் உட்கார்ந்திருந்த கூழைக்கடா ஒன்று எழுந்து பறந்தது. சுற்றிச் சுற்றி மீனைப் படகருகே கொண்டுவந்து, சாம்பல் நிறத்தில் மீசையோடு அது மேலே வந்ததும் ஆசையாகக் கையை நீட்டினான். வழிகாட்டி படகின் பின்பக்கத்தில் இருந்தார். எனக்கு அது என்ன மீன் என்றே தெரியவில்லை. "கெளுத்திடா! கையை எடு!" என்று அம்மா போட்ட சத்தத்தில் அவன் கை பாதியில் நின்றது. முதுகிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் அரம்போன்ற பற்களுள்ள நச்சுமுள் கொண்ட கடல்கெளுத்திதான் அது. ஃப்ளோரிடாவில் படகேறிய பிள்ளைகளுக்கு நேரும் காயங்களில் இந்த முள் குத்துவது சாதாரணம் என்று வழிகாட்டி பிறகு சொன்னார். நீண்ட கைப்பிடியுள்ள கம்பியால் மீனைத் தொடாமலே தூண்டில் முள்ளைக் கழற்றி அதைத் தண்ணீரில் விட்டார். ஒருவேளை குத்திவிட்டால், காயத்தைக் கழுவித் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும். அந்த நஞ்சு வெப்பத்தில் செயலிழக்கும். முள் உடைந்து உள்ளே தங்கியிருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். படகேறியதும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய முதல் விதி, எந்த மீனையும் பெரியவர் சொல்லாமல் தொடக் கூடாது என்பதே. நாங்கள் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு மீன் வரத் தொடங்கியது. ஸ்பாட்டட் சீட்ரவுட் என்று இங்கே சொல்லும் மீன் முதலில் மகளுக்கு மாட்டியது. மேல்தாடையில் இரண்டு கோரைப்பல், வெள்ளி உடம்பின் மேற்பாதியில் கறுப்புப் புள்ளிகள், கையில் பிடித்தால் 'கொர் கொர்' என்று ஒலி. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இது நம்ம பன்னாடா. புள்ளிதான் கூடுதலா இருக்கு." வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், பன்னாவும் கத்தாழையும் இந்த மீனும் ஒரே குடும்பம்தான், அந்த உறுமலும் குடும்ப வழக்கம்தான். மீன் சந்தையில் பெற்ற படிப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

எங்கள் தூண்டில் முள் வட்டமாக வளைந்து முனை உள்நோக்கித் திரும்பியது. இதில் என் வாழ்நாள் பழக்கம் எனக்கே எதிரியாயிற்று. சிறுவயதில் வாய்க்காலில் தூண்டில் போட்டபோது, இழுவை தெரிந்த நொடியில் வெட்டி இழுப்பதே கற்ற வித்தை. வட்டமுள்ளில் அப்படி வெட்டினால் முள் வாயிலிருந்து வெறுமனே வழுக்கி வந்துவிடும். மீன் இழுத்துக்கொண்டு திரும்பும்வரை விட்டு, பிறகு நிதானமாகச் சுற்றினால் போதும். முள் தானாக உதட்டோரம் மாட்டிக்கொள்ளும், விழுங்கி வயிற்றில் மாட்டாது என்பதால் திரும்ப விடும் மீனும் பிழைக்கும். ஏற்கெனவே ஒரு பழக்கமும் இல்லாத பிள்ளைகள் சொன்னபடி சுற்றினார்கள். நான் வெட்டி வெட்டி ஐந்து மீனை இழந்தேன். பன்னாவின் உறவுக்காரருக்கு வாயோரத் தோல் மென்மை. அவசரப்பட்டு இழுத்தால் கிழிந்துவிடும் என்பதையும் அப்போதுதான் கற்றேன்.

பிடித்ததில் பெரும்பகுதியைத் திரும்ப விட்டோம். சீட்ரவுட் 15 முதல் 19 அங்குலம் வரை இருந்தால்தான் பொதுவாக வைத்துக்கொள்ளலாம், ஆளுக்கு எத்தனை என்றும் வரம்பு உண்டு. சின்னதை விடுவது அம்மாவுக்குப் புரிந்தது. பெரியதை விடுவதுதான் பொறுக்கவில்லை. முட்டையிடும் தாய் மீன்கள் பெரும்பாலும் அந்தப் பெரியவைதான் என்று சொன்ன பிறகு பேசாமல் இருந்தார். 2018-இல் கடலைச் சிவக்க வைக்கும் நச்சுப்பாசி இந்தக் கரையைக் கடுமையாகத் தாக்கியதால், ஸ்னூக், செம்மீன் என்று சொல்லத்தக்க ரெட்ஃபிஷ், சீட்ரவுட் மூன்றையும் சில ஆண்டுகள் பிடித்து விடலாமே தவிர வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்றே இங்கே விதி இருந்தது. இந்த அளவுகள் அடிக்கடி மாறுவதால், கிளம்பும் வாரத்தில் மாநில மீன், வனவிலங்கு ஆணையத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விடப்போகும் மீனை ஈரக் கையால்தான் பிடிக்க வேண்டும். உலர்ந்த கையும் துண்டும் மேல்வழுவழுப்பை உரித்துவிடும்.

இரண்டு ஓங்கில்கள் (டால்பின்கள்) வந்து நாங்கள் விட்ட மீனைப் படகடியிலேயே பிடிக்கத் தொடங்கியதும் வழிகாட்டி உடனே இடத்தை மாற்றினார். பிள்ளைகளுக்கு வருத்தம். ஓங்கிலுக்கு இரை கொடுப்பது நாடு முழுவதும் சட்டப்படி குற்றம். நாம் விடும் மீனைத் தின்னவும் அது பழகிவிடும் என்றார்.

கடைசி முக்கால் மணி நேரம் ஒரு பழைய படகுத்துறையின் கால்களுக்கு அருகே நின்றோம். தொலைவில், விரிகுடாவைக் கடக்கும் ஸ்கைவே பாலம் மஞ்சளாகத் தெரிந்தது. 1980 மே 9 அன்று சரக்குக் கப்பல் மோதிப் பழைய பாலம் இடிந்து 35 பேர் மாண்டார்கள். 1987-இல் இந்தப் புதிய பாலம் திறந்தது. பழையதில் எஞ்சிய பாதைகள் மீன்பிடி மேடைகளாயின. வழிகாட்டிக்கு 600 டாலர் செலவழிக்க மனமில்லாதவர்கள் அங்கே நின்றும் பிடிக்கிறார்கள்.

இங்கேதான் அம்மா முதன்முறையாகக் கோலைக் கையில் வாங்கினார். துறைக் கால்களில் ஒட்டிய சிப்பிகளைக் கடித்துத் தின்னும், ஷீப்ஸ்ஹெட் என்ற கறுப்பு வரி மீன் அங்கே இருந்தது. அதன் முன்பற்கள் மனிதப் பல்லைப் போலவே இருந்ததைக் கண்டு மகன் வாயைப் பொத்திக்கொண்டான். இது இரைத் திருடன். கோல் வளைவதைப் பார்த்து இழுத்தால் முள் மட்டும் மிஞ்சும். எனக்கு ஏழு இறால் போயிற்று. அம்மா கோலைப் பார்க்கவே இல்லை. நரம்பைச் சுட்டுவிரலில் தொட்டுக்கொண்டு, மாவு பதம் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து நின்றார். "நறநறங்குது" என்றார். பிறகு சுற்றினார். ஒன்றல்ல, மூன்று பிடித்தார். வழிகாட்டி தன் தொப்பியைக் கழற்றி அம்மா தலையில் வைத்தார்.

கரைக்கு வந்ததும் மீன் வெட்டும் மேசையில் ஒரு சிக்கல். வழிகாட்டி கத்தியை எடுத்து, முதல் மீனின் இரண்டு பக்கத்துச் சதையை மட்டும் வழித்தெடுத்துவிட்டுத் தலையையும் முள்ளையும் குப்பைத் தொட்டிக்குத் தள்ளினார். இங்கே அதுதான் முறை. "ஐயோ, தலையை எறியுறாரே!" என்று அம்மா மேசையருகே ஓடியே போய்விட்டார். நான் விளக்கியதும் வழிகாட்டி நிறுத்தி, மீதி எட்டு மீனையும் செதில் நீக்கிக் குடல் மட்டும் எடுத்து முழுசாகக் கொடுத்தார். மீன்குழம்பு வைக்கிற வீட்டார் இதைக் கரைக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஐஸ் பெட்டியையும் நாமே காரில் கொண்டுபோக வேண்டும்; எங்களிடம் அது இல்லாமல், வழியில் ஒரு கடையில் வாங்கிக்கொண்டோம்.

அன்றிரவு ஷீப்ஸ்ஹெட் வறுவல், சீட்ரவுட் குழம்பு. சாப்பாடு முடிந்து, அம்மா தன் தட்டில் இருந்த மீன் தலையைப் பிளந்து, மூளைக்கு அருகிலிருந்து வெள்ளைவெளேரென்ற இரண்டு கற்களை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார். கத்தாழைக் குடும்பத்து மீன்களுக்கு இந்தத் தலைக்கல் பெரிதாக இருக்கும். மீன் ஆய்வாளர்கள் இதைக் குறுக்கே அறுத்து, உள்ளே இருக்கும் வளையங்களை எண்ணித்தான் மீனின் வயதைக் கணக்கிடுகிறார்கள் என்று நான் சொன்னேன். மகள் அறுக்கச் சம்மதிக்கவில்லை. தன் தம்பியின் விழுந்த பல்லை வைத்திருக்கும் சிறு டப்பாவில் அவற்றைப் போட்டு, மூடியின் மேல் 'பன்னா' என்று தமிழில் எழுதினாள். இரண்டு சுழி னகரமா மூன்று சுழியா என்று கேட்டுவிட்டு.